டிஸ்கஸ் மீனுக்கு முதல் மருந்து தண்ணீரே

சென்னைக் கொளத்தூரைச் சுற்றியுள்ள வண்ண மீன் பண்ணைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் புறப்படும் பாலித்தீன் பைகள் இன்று சிற்றூர்கள் வரை போய்ச் சேருகின்றன. மாடும் கோழியும் வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயியின் வீட்டிலும் ஒரு கண்ணாடித் தொட்டி இடம் பிடித்துவிட்டது. சிலர் வீட்டுப் பிள்ளைகளின் ஆசைக்காக வைக்கிறார்கள். சிலர் அதையே ஓர் உபதொழிலாக்கி நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வைக்கிறார்கள். இரண்டு வகையினரையும் கடைசியில் மயக்கிவிடுவது டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ மீன். வண்ண மீன்களில் விலை கூடியவற்றுள் அது ஒன்று. குஞ்சு ஒன்றுக்கே சில நூறு ரூபாய் கொடுக்க வேண்டும். முட்டையிடும் ஜோடி என்றால் பல ஆயிரம்.

இப்படி வாங்கிய மீன் இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து, மெலிந்து, தொட்டி மூலையில் ஒதுங்கி இறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. உடனே, "இது நாசூக்கான மீன், நமக்குச் சரிப்படாது" என்று ஒரு சாரார் கைகழுவி விடுகிறார்கள். இன்னொரு சாரார் கடைக்கு ஓடி, நீலக் குப்பி ஒன்று, மஞ்சள் குப்பி ஒன்று, மாத்திரை நாலு என்று வாங்கி வந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். இரண்டுமே தவறான வழி. டிஸ்கஸ் மீனுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகிறது. தண்ணீரைச் சீராக வைத்திருப்பவர் வீட்டில் மருந்துக்கு வேலை குறைவு. தண்ணீரைக் கெடவிட்டவர் வீட்டில் எந்த மருந்தும் நிலைத்த பலன் தராது.

பயிர் வாடினால் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர் விவசாயி. மீன் வாடினால் அதே கை தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் குப்பியைத் தேடுவானேன்?

பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும்

டிஸ்கஸ் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. பிரேசில், பெரு, கொலம்பியா நாடுகளில் அந்த ஆற்றின் கிளைகளிலும் ஓரத்து ஏரிகளிலும் அது வாழ்கிறது. 1840-ல் ஹெக்கல் என்ற விஞ்ஞானி அதற்கு முதன்முதலாகப் பெயரிட்டு விவரம் எழுதினார். தமிழகத்துக் குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீனும் இதுவும் ஒரே குடும்பம் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஜிலேபி எந்தச் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும், டிஸ்கஸ் அப்படியில்லை. காரணம், அது பிறந்த தண்ணீர்.

அமேசானின் பெரிய கிளையான ரியோ நீக்ரோவின் தண்ணீர் தேயிலை இறக்கிய வடிநீர் போலக் கறுத்திருக்கும். காட்டு இலையும் பட்டையும் ஊறிய நிறம் அது. உப்பு அதில் மிகமிகக் குறைவு, கிட்டத்தட்ட மழைநீர்தான். அமிலத்தன்மை அதிகம், பி.எச். அளவு 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். சூடு ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. மழைக்காலத்தில் மனாவுஸ் நகரத்தருகே ஆற்றின் மட்டம் சராசரியாக 10 மீட்டர் வரை உயர்ந்து காட்டுக்குள் புகுந்துவிடும். அந்த வெள்ளத்தில், மூழ்கிய மரக்கிளைகளின் இடுக்கில், கூட்டமாக ஒதுங்கி நிற்கும் மீன் இது. பரந்த நீர்; அதில் கழிவு தேங்க இடமே இல்லை.

அப்படிப்பட்ட மீனை ஒரு முழ நீளத் தொட்டியில், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் விட்டு, வாரம் ஒருமுறை இரண்டு சொம்பு தண்ணீர் மாற்றினால் அது எப்படி நலமாக இருக்கும்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் டிஸ்கஸ் பெரும்பாலும் காட்டில் பிடித்ததல்ல. பல தலைமுறையாகப் பண்ணைத் தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தது. தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகளில் உருவாக்கிய நிறவகைகள் ஏராளம். இவை பி.எச். 7, 7.5 உள்ள தண்ணீருக்கும் பழகிக்கொள்கின்றன. ஆகவே அமேசான் தண்ணீரை அப்படியே உண்டாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சுத்தம், சூடு, நிலையான தன்மை ஆகிய மூன்றையும் எத்தனை தலைமுறை ஆனாலும் அது விட்டுக்கொடுப்பதில்லை.

யூரியாவும் மீன் தொட்டியும்

தொட்டித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே, பிறகு எப்படிக் கெட்டது என்று பலரும் கேட்கிறார்கள். விடை விவசாயிக்குத் தெரிந்த விஷயத்திலேயே இருக்கிறது.

வயலில் யூரியா இட்டால் அது முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. பிறகு மண்ணிலுள்ள ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. மற்றொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொள்கிறது. மீன் தொட்டியிலும் நடப்பது இதே தொழில்தான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியா சேர்க்கின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம், செவுளைச் சுட்டுவிடும். நைட்ரைட்டும் விஷம், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது கெடுக்கிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. ஆனால் அதை உறிஞ்சத் தொட்டியில் நெற்பயிர் இல்லை. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். வெளியேற்றும் வழி தண்ணீரை மாற்றுவதுதான்.

இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் பில்டரிலும் கல்லிலும் தொட்டிச் சுவரிலும் படிந்து வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். காலையில் தொட்டி வாங்கி மாலையில் டிஸ்கஸ் விடுகிறவர், உழாத நிலத்தில் நாற்று நடுகிறவருக்குச் சமம். முதலில் விலை குறைந்த, தாங்கும் சக்தியுள்ள மீன்கள் இரண்டொன்றை விட்டு, குறைவாகத் தீனி போட்டு, தொட்டியைப் பக்குவப்படுத்த வேண்டும். நலமான பழைய தொட்டியில் ஓடிய பில்டர் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலச வேண்டும். குளோரின் பட்டால் அந்த பாக்டீரியாக் கூட்டம் அழிந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு விஷம் அல்ல. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதன் விஷப் பகுதி ஏறத்தாழ 10 மடங்கு கூடுகிறது. சூடு கூடினாலும் விஷம் கூடும். டிஸ்கஸ் கேட்பதோ சூடான தண்ணீர். தமிழகத்தில் பல மாவட்டங்களில் ஆழ்துளைத் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டியது. மற்ற மீன் பிழைத்த தொட்டியில் டிஸ்கஸ் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்தத் தண்ணீர் நல்லது?

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை அகன்ற பாத்திரத்தில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். அவசரமானால் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் உதவும்.

கிணற்றுத் தண்ணீரிலும் ஆழ்துளைத் தண்ணீரிலும் குளோரின் இல்லை என்பதால் அப்படியே ஊற்றலாம் என்று நினைப்பது ஆபத்து. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் பிராணவாயு குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கக்கூடும். ஒரு நாள் காற்று பட்ட பிறகு கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். ஆகவே மோட்டார் போட்ட உடனே பி.எச். பார்ப்பது பயன் தராது. ஒரு நாள் கழித்துப் பார்ப்பதே உண்மை அளவு. இரும்புச்சத்து உள்ள தண்ணீரானால் செந்நிறக் கசடு படியும். அதைத் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும்.

உப்பு கூடிய தண்ணீரைக் குறைக்கச் சிலர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பங்கு எடுக்க அந்த இயந்திரம் பல பங்கு தண்ணீரைக் கழித்துவிடும். குடிக்கவே தண்ணீர் தேடும் ஊர்களில் மீனுக்காக இதைச் செய்வது நியாயமாகாது. அதற்கு நல்ல மாற்று மழைநீர். தமிழகத்தில் 2003 முதல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சிமெண்ட் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டிரம்மோ நிரப்பிக்கொண்டால், கிணற்றுத் தண்ணீரோடு கலந்து மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். முதல் மழையைக் கழித்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் விழுந்த நீர் வேண்டாம். துத்தநாகம் மீனுக்கு ஆகாது. மழைநீரை மட்டுமே தனியாகப் பயன்படுத்தவும் கூடாது. பிடிமானம் இல்லாத அந்தத் தண்ணீரில் பி.எச். திடீரென்று சரிந்துவிடும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று ஒருமுறை அளந்து முடிவு செய்து, பிறகு மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

பி.எச். குறைக்க அமிலம் ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. உப்பு நிறைந்த தண்ணீரில் ஊற்றிய அமிலம் இன்று இறக்கும். நாளை மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும். 7.5-ல் நிலையாக நிற்கும் தண்ணீர், 6-க்கும் 8-க்கும் நடுவே ஊசலாடும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

ஐந்து குடம் கணக்கு

வளர்ந்த டிஸ்கஸ் 15 செ.மீ.க்கு மேல் வரும். ஒரு மீனுக்கு 40 லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்பது வளர்ப்போர் கடைப்பிடிக்கும் கணக்கு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். அதில் 6 மீன் விடலாம். இரண்டு மீன் மட்டும் விட்டால், வலியது எளியதைத் துரத்தித் தின்னவிடாமல் செய்யும். ஐந்தாறு இருந்தால் அந்தச் சண்டை பங்கிடப்பட்டுவிடும்.

இந்தத் தொட்டியில் வாரம் இருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் சுமார் 75 லிட்டர்; ஐந்து குடம். வளரும் குஞ்சுகளுக்கு அடிக்கடி தீனி போடுவதால் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். ஊற்றும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அடியில் படிந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஐந்து குடம் தண்ணீர் தூக்குவது விவசாயக் குடும்பத்துக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் நாள் தவறாமல் தூக்க வேண்டும் என்பதுதான் பரீட்சை. அறுவடை, கல்யாணம், திருவிழா என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் மீன் காத்திருக்காது.

எடுத்த தண்ணீர் வீண் அல்ல. நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீர் கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் நல்ல உரம். மருந்தோ உப்போ கலந்திருந்தால் மட்டும் பாத்திக்கு விடக் கூடாது. குளத்துக்கோ உணவு மீன் வளர்க்கும் குட்டைக்கோ கட்டாயம் விடக் கூடாது.

சூடும் மூச்சும்

டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி செண்டிகிரேடு சூடு ஏற்றது. தமிழகச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி இது தானாகவே கிடைக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளிலும் மலையடிவார ஊர்களிலும் ஹீட்டர் தேவைப்படும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. ஹீட்டரில் உள்ள எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானி தொட்டியில் இருப்பது நல்லது.

சித்திரை வெயிலில் தொல்லை வேறு விதம். தண்ணீர் சூடேற ஏறப் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஓட்டு வீட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ உள்ள தொட்டி 34 டிகிரியைத் தொட்ட நேரத்தில் மின்சாரமும் நின்றால், ஒரு மதியத்தில் எல்லாம் முடிந்துவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தொட்டியின் மூடியைத் திறந்து விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

பண்ணை வீட்டுக்கு உரிய ஆபத்து

நகர வீட்டில் இல்லாத ஓர் ஆபத்து விவசாயி வீட்டில் இருக்கிறது. அதுதான் பூச்சி மருந்து. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் இம்மி அளவே மீனைக் கொல்லப் போதும். தெளிப்பான் கழுவிய வாளி, மருந்து கலக்கிய குச்சி, தெளித்து வந்த கை, அந்தச் சட்டை எதுவும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. மீனுக்கென்று ஒரு வாளியும் ஒரு குழாயும் தனியாக வைத்து, வேறு எதற்கும் எடுக்காமல் இருக்க வேண்டும். கொசு மருந்து அடித்த அறைக் காற்றையும் ஏர் பம்ப் உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

தீனியில் சிக்கனமும் சுத்தமும்

டிஸ்கஸ் மெதுவாகத் தின்னும் மீன். வேகமாகத் தின்னும் மீன்களோடு விட்டால் பட்டினி கிடக்கும். வளர்ந்ததற்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, குஞ்சுக்கு ஐந்தாறு வேளை, ஒவ்வொரு வேளையும் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு கொடுக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய மாட்டு இருதயத்தை இறால், கீரையோடு அரைத்து உறைய வைத்துக் கொடுப்பது பண்ணைகளின் வழக்கம். அது மலிவு, மீன் சீக்கிரம் வளரும். ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை. அதைக் கொடுக்கிறவர் தினமும் தண்ணீர் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். சாக்கடையில் எடுக்கும் டியூபிபெக்ஸ் புழுவை உயிரோடு போடுவது நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகும். உறைய வைத்த ரத்தப் புழு, ஆர்ட்டீமியா, தரமான குருணைத் தீனி இவை போதும்.

மருந்து எப்போது?

நலமான டிஸ்கஸ் நிறம் தெளிந்து, துடுப்பை விரித்து, ஆள் வந்தால் தீனிக்கு முன்னால் வரும். நிறம் கறுப்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்குவது, தீனியை வாயில் வாங்கித் துப்புவது, மூச்சு வேகமாவது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பி.எச்.சும் சூடும் பார்ப்பது. சிறு பரிசோதனைப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது, பாதித் தண்ணீரை மாற்றுவது. மூன்றாவது, தீனியை ஒரு நாள் நிறுத்துவது. நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் சாதாரண உப்புக் கரைத்து விடுவது அந்த விஷத்தைத் தடுக்கும். இத்தனையும் செய்த இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான மீன்கள் தேறிவிடும்.

தண்ணீரால் மட்டும் தீராத நோய்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. எச்சம் வெள்ளை நூல் போல வந்து, நெற்றி ஒடுங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அதற்கு மெட்ரோனிடசோல் பயன்படுகிறது. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மூச்சு விட்டால் செவுள் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு பிராசிகுவாண்டல் உண்டு. ஆனால் எந்த நோய் என்று தெரியாமல், மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து தொட்டியில் கொட்டுவது வைத்தியமாகாது. ஆன்டிபயாட்டிக் மருந்து நோய்க் கிருமியோடு பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும். அம்மோனியா மறுபடி ஏறும். மீன் மேலும் வாடும். மேலும் மருந்து விழும். இந்தச் சுழலில் இறந்த மீன்கள் பல. பழி மட்டும் நோயின் மேல்.

இதில் ஊருக்கும் தீங்கு உண்டு. அரைகுறை அளவில் ஆன்டிபயாட்டிக் போட்டுப் போட்டு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்கின்றன. அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. மாட்டுக்கு ஊசி போட கால்நடை மருத்துவரைக் கேட்பது போல, மீனுக்கு மருந்து போடவும் மீன்வளம் படித்தவரைக் கேட்பதே முறை. மருந்து கொடுப்பதைத் தனித் தொட்டியில் கொடுக்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய மாட்டை நேரே தொழுவத்தில் கட்டுவதில்லை. கோமாரி பயந்து சில நாள் தனியே கட்டுவார்கள். புது டிஸ்கஸ் மீனுக்கும் 4 வாரமாவது தனித் தொட்டி வேண்டும். வாங்கும்போதே கண்ணைப் பார்க்க வேண்டும். உடலுக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தெரிந்தால், அது வளர்ச்சி குன்றிய மீன். தீனி போடச் சொல்லி, தின்பதைப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். எந்தத் தண்ணீரில், எந்தச் சூட்டில், எந்தத் தீனியில் வளர்ந்தது என்று கேட்க வேண்டும். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பதே லாபம்.

உபதொழிலாக எடுப்பவர்களுக்கு

டிஸ்கஸ் குஞ்சு பொரிப்பதில் ஓர் அதிசயம் உண்டு. முட்டை இரண்டரை மூன்று நாளில் பொரியும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இரண்டின் தோலிலும் ஊறும் வழவழப்பான கோழையைத் தின்று முதல் இரண்டு மூன்று வாரம் வளர்கின்றன. அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் இருப்பதை 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கன்றுக்குச் சீம்பால் போன்றது இது. தாய் மீன் நலிந்தால் குஞ்சுக்கு உணவே இல்லை. அத்துடன் உப்புத் தண்ணீரில் முட்டை சரியாகப் பொரிப்பதில்லை என்பதும் வளர்ப்போர் கண்ட அனுபவம். ஆகவே தண்ணீர் ஒத்துவராத ஊரில் டிஸ்கஸ் பண்ணை வைப்பது, களர் நிலத்தில் வெற்றிலைக் கொடிக்கால் போடுவது போலத்தான்.

மண்ணுக்கேற்ற பயிர் என்பது பழைய விதி. தண்ணீருக்கேற்ற மீன் என்பதும் அதே விதி. உப்பும் காரமும் உள்ள கிணற்றுத் தண்ணீரில் மோலியும் கப்பியும் செழிப்பாக வளரும். விலை குறைவானாலும் இழப்பும் குறைவு. அவற்றில் ஓராண்டு கை பழகி, தண்ணீரைப் படிக்கக் கற்றவர் பிறகு ஆறு டிஸ்கஸ் மீனோடு தொடங்கலாம். கடன் வாங்கி, முதல் மாதமே 20 தொட்டி வைப்பது வேண்டாம்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதம். இத்தகைய உதவிகள் தேவைதான். ஆனால் தொட்டிக்கும் கொட்டகைக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த ஊர்த் தண்ணீர் எந்த மீனுக்கு ஏற்றது என்று சோதித்துச் சொல்வது எந்தத் திட்டத்துக்கும் முதல் படியாக இருக்க வேண்டும். மண் பரிசோதனை நிலையங்களில் பாசனத் தண்ணீரின் பி.எச்.சும் உப்பும் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே முடிவை வைத்து மீன் வகையைப் பரிந்துரைப்பது கூடுதல் செலவில்லாத காரியம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து வட்டாரந்தோறும் இதைச் செய்தால், எத்தனையோ சிறு விவசாயிகளின் முதல் காப்பாற்றப்படும். விற்பனையாளர்களும் மீனோடு மருந்தைக் கொடுத்து அனுப்புவதை விட்டு, வளர்த்த தண்ணீரின் விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். நம்பிக்கை வளர்ந்தால் வியாபாரமும் வளரும்.

டிஸ்கஸ் மீனை நலமாக வைத்திருப்பது பணக்காரர்களின் வித்தை என்று நினைக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த கருவிகளும் வெளிநாட்டு மருந்துகளும் உள்ள வீட்டில் அது செத்திருக்கிறது. ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் ஒரு வெப்பமானியும் உள்ள வீட்டில் பத்தாண்டு வாழ்ந்திருக்கிறது. மழைநீரைச் சேர்த்து, தண்ணீரை ஒரு நாள் முன்னதாகப் பிடித்து வைத்து, வாரம் இருமுறை ஐந்து குடம் மாற்ற மனம் உள்ளவர் தாராளமாக வளர்க்கலாம். அந்த மனம் இல்லாதவர், பார்த்து ரசித்துவிட்டுக் கடையிலேயே விட்டு வருவது மீனுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.